ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடி: ஓர் எண் பிறந்த கதை

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும் எந்தக் கப்பலுக்கும் வழிகாட்டுவது கடல் வரைபடம். அதில் இந்த ஊரின் இடம் வடக்கு 8 பாகை 34 கலை, கிழக்கு 81 பாகை 14 கலை என்ற அளவில் இருக்கும். வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை, நாளுக்கு 24 மணி. கொட்டியாரக் குடாவில் இறங்கும் மீன்பிடிப் படகானாலும், எண்ணெய் ஏற்றி வரும் பெருங்கப்பலானாலும், இடமும் நேரமும் குறிப்பது இந்த மூன்று எண்களைக் கொண்டுதான்.

நூறு என்ற வசதியான எண் இருக்கும்போது 360 எதற்கு? பாபிலோனியர் 60ஐ அடியாக வைத்து எண்ணினார்கள், அந்தப் பழக்கம் வானநூல் வழியாக உலகெங்கும் பரவியது என்பது வரலாறு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிடமாகவும் மாற்றிப் பார்த்தார்கள். 1795இல் அந்தச் சட்டத்தை அவர்களே நிறுத்திவைத்தார்கள். பழைய எண்கள் அசையாமல் நிற்பதற்குப் பழக்கம் ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். 100ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், 9 மட்டுமே. 60க்கு 12 காரணிகள். 360க்கு 24. இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: 360க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 24 காரணிகள் கிடையாது. 60க்குக் கீழே எதற்கும் 12 கிடையாது. 24க்குக் கீழே எதற்கும் 8 கிடையாது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்கள் இவை.

இத்தகைய எண்களுக்கு ஒரு பெயர் வைத்து, அவற்றின் குணங்களை வகுத்து, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடியையும் தாண்டி அவற்றைப் பட்டியலிட்டவர் ஒரு துறைமுகக் குமாஸ்தா. துறைமுகம் நமதல்ல. இதே வங்கக் கடலின் மேற்குக் கரையில், மணலை எதிர்த்து மனிதர் கட்டிய சென்னைத் துறைமுகம்.

பங்கு போடுவோரின் எண்

அவருக்கு முன்பே, மிச்சமில்லாமல் பங்கு போட எந்த எண் ஏற்றது என்ற கேள்வி நிலம் அளந்தோர் கையில் இருந்தது. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. வேலிக்கு 20 மா என்ற பழைய கணக்கில் அது 5000 மா. கேட்கச் சீரான எண்தான். ஆனால் 5000 மா நிலத்தை மூன்று பேருக்கு மிச்சமில்லாமல் பிரிக்க முடியாது. ஆறு பேருக்கோ, ஏழு பேருக்கோ, ஒன்பது பேருக்கோ முடியாது. 5000க்கு உள்ள காரணிகள் 20தான். இன்னும் இரண்டே வேலி சேர்த்து 252 வேலியாகக் கொடுத்திருந்தால் 5040 மா ஆகியிருக்கும். அந்த எண்ணுக்குக் காரணிகள் 60. ஒன்று முதல் பத்து வரை எத்தனை பேர் வந்து நின்றாலும் முழு மாவாகப் பங்கு போடலாம்.

நம் முன்னோரின் பின்னக் கணக்கிலும் இதே குறை உண்டு. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது 320இல் ஒன்று. கால், அரைக்கால், மாகாணி என்று முந்திரிவரை நுணுக்கமாக இறங்கும் இந்த வாய்ப்பாடு முழுவதும் 2, 5 என்ற இரண்டு எண்களால் மட்டுமே ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கு அதில் இடமில்லை. 320க்குக் காரணிகள் 14. அதைவிடச் சிறிய 240க்கு 20.

5040ஐத் தேடிப் பிடித்தவர் கிரேக்கத்தின் பிளேட்டோ. தன் கடைசிப் பெருநூலான ‘சட்டங்க’ளில் ஓர் இலட்சிய நகரத்தைக் கற்பனை செய்த அவர், அதில் 5040 நில உரிமையாளர்கள் இருக்கட்டும் என்றார். வரி வாங்கவும், படை திரட்டவும், நிலம் பிரிக்கவும் இந்த எண் வளைந்து கொடுக்கும் என்பது அவருடைய நியாயம். அந்த எண்ணை நீக்கி மற்றக் காரணிகள் 59 என்றும் சரியாகவே எண்ணி வைத்திருந்தார். ஆனால் அது ஒரே ஓர் எண்ணைப் பற்றிய கவனிப்பு. இப்படி எத்தனை எண்கள் உண்டு, அடுத்தது எது, அவற்றுக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போக இன்னும் 2,200 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

குமாஸ்தா

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பு நின்றுபோனது. 1912 மார்ச் 1இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியலாளர். புதிய குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகங்களில் என்னவோ இருக்கிறது என்பதை இருவரும் உணர்ந்தார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

1914 மார்ச் 17இல் ‘நெவாசா’ என்ற கப்பலில் சென்னையை விட்டார். ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்தார். நான்கு மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜின் இளம் கணிதர்கள் பலர் போர்ப் பணிக்குப் போக, ராமானுஜன் திரினிட்டிக் கல்லூரியில் ஹார்டியோடு உட்கார்ந்து எழுதிய முதல் பெருங்கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. பொருள், மேலே சொன்ன எண்கள். அவற்றுக்கு அவர் கொடுத்த பெயரைத் தமிழில் உயர் பகு எண்கள் என்கிறோம். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கிடைக்காத பட்டத்தை இந்த எண்கள் வாங்கிக் கொடுத்தன.

எண்ணின் உடற்கூறு

ஓர் எண்ணின் காரணிகளை எண்ணுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எண்ணை முதன்மை எண்களாக உடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றைப் பகா எண்கள் என்பார்கள். 360 என்பது மூன்று 2, இரண்டு 3, ஒரு 5 ஆகியவற்றின் பெருக்கம். ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ அந்தச் சுட்டியோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24. அதுதான் காரணிகளின் எண்ணிக்கை.

இதை வைத்து ராமானுஜன் முதலில் காட்டியது, உயர் பகு எண்ணின் உடலமைப்பு தற்செயலானதல்ல என்பது. 18ஐயும் 12ஐயும் பாருங்கள். 18இல் ஒரு 2, இரண்டு 3. 12இல் இரண்டு 2, ஒரு 3. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். சிறிய எண்ணே அந்த வேலையைச் செய்துவிடுவதால் 18 தோற்றுவிடுகிறது. ஆகவே சிறிய முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டி, பெரிய முதன்மை எண்ணுக்குச் சிறிய சுட்டி என்றுதான் அடுக்கு இறங்க வேண்டும். அதேபோல 2 × 5 = 10, 2 × 3 = 6 இரண்டுக்கும் நான்கு காரணிகள். நடுவில் உள்ள முதன்மை எண்ணைத் தாண்டிப் போகிற எண்ணும் தோற்றுவிடுகிறது. 2, 3, 5, 7 என்று வரிசை அறுபடாமல் வர வேண்டும். வரிசையின் கடைசி முதன்மை எண் ஒரே ஒரு முறைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள்.

அங்கிருந்து மேலே போனார். ஒவ்வொரு முதன்மை எண்ணின் சுட்டியும் எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதை நெருக்கமான சமனிலிகளால் மடக்கிப் பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு உயர் பகு எண்களின் விகிதம், எண்கள் பெரிதாகப் பெரிதாக 1ஐ நெருங்கும் என்று நிறுவினார். இந்தக் கூட்டத்துக்குள்ளேயே இன்னும் தேர்ந்த ஓர் உட்பிரிவையும் வகுத்தார்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55,440, 720,720 என்று போகும் மேலுயர் பகு எண்கள். முந்தியவை தம்மைவிடச் சிறிய எண்களை மட்டும் வென்றால் போதும். இந்த உட்பிரிவினர், எண்ணின் பருமனுக்குத் தக்கபடி ஒரு கழிவு கொடுத்தபின், தம்மைவிடப் பெரிய எண்களோடும் ஒப்பிட்டு வெல்ல வேண்டும். 60 அதில் தேறுகிறது. 24 தேறவில்லை.

பட்டியலும் ஓர் ஓட்டையும்

கட்டுரையோடு ஓர் அட்டவணை. கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு. 102 உயர் பகு எண்கள். கடைசியில் நிற்பது 6,746,328,388,800. நம் வழக்கில் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்பு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் வருவது அதுதான். சுட்டிகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3, பிறகு ஐந்து முறை 2. ஆக 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 293,318,625,600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் காரணிகள் சரியாக 5040. இன்னொரு வேடிக்கை, விடுபட்ட இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்து நிற்கிறது. பிள்ளை பட்டியலில் இருக்கிறது, தகப்பன் இல்லை.

அது நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தால் தேடல் எவ்வளவு சிக்கலானது என்று புரியும். அதற்கு முன்னால் நிற்பது 240,940,299,600; காரணிகள் 4800. பின்னால் நிற்பது 321,253,732,800, காரணிகள் 5376. முன்னதும் பின்னதும் 23 வரை போகின்றன. இரண்டிலும் 7 ஒரு முறைதான். நடுவில் நிற்கும் இது மட்டும் 23ஐக் கைவிட்டு, 19ஓடு நின்று, இரண்டாவது 7ஐ எடுத்துக்கொள்கிறது. ஏறுவரிசையில் போகும் ஒருவர் திடீரென்று ஒரு முதன்மை எண் பின்வாங்கிப் பார்த்தால்தான் இது அகப்படும். 103 எண்களில் 102ஐக் கையால் பிடித்தவருக்கு இந்த ஒன்று தப்பியதை வைத்து அட்டவணையை யாரும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

குறைத்து மதிப்பிடப்பட்டது பொருள்தான். உயர் பகு எண்கள் கணிதத்தின் பேராற்றில் இல்லை, ஒதுங்கிக் கிடக்கும் கழி போன்றது இந்தத் துறை என்பது ஹார்டியின் கருத்து. சமனிலிகளை ராமானுஜன் கையாண்ட வன்மையை அவர் வாயாரப் புகழ்ந்தார். ஆனால் கட்டுரையின் பொருளைப் பற்றி அவருடைய மதிப்பு அவ்வளவுதான்.

அச்சேறாத பாதி

அச்சில் வந்தது கட்டுரையின் ஒரு பகுதி மட்டுமே. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. பிற்பகுதி அச்சேறாமல் நின்றது. ராமானுஜன் 1919இல் ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் காலமானார். கையெழுத்துப் படி கேம்பிரிட்ஜில் கிடந்தது.

அந்தப் பகுதியில் அவர் காரணிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை, கூட்டியும் பார்த்திருந்தார். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. கூட்டினால் 28. ஓர் எண்ணின் காரணிக் கூட்டுத்தொகை அந்த எண்ணைப் போல எத்தனை மடங்குவரை ஏறலாம்? இந்தக் கேள்வியில் வெல்லும் எண்களையும் அவர் வகைப்படுத்தி வைத்திருந்தார். 1944இல் அலவோகுலு, ஏர்டிஷ் என்ற இரு கணிதர்கள் இதே வகை எண்களைத் தாமாகவே கண்டு பெயர் சூட்டினார்கள். அதே எண்கள் 1915 கையெழுத்தில் ஏற்கனவே இருந்தன.

கேள்வி எளிது. விடை போய்ச் சேருமிடம் எளிதல்ல. காரணிகள் மிகுந்த எண் வேண்டுமென்றால் முதன்மை எண்களை ஒன்றுவிடாமல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படியானால் அத்தகைய எண் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது, முதன்மை எண்கள் எண்வரிசையில் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. முதன்மை எண்கள் விழும் விதத்தில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு தாறுமாறு என்பதை அளப்பதுதான் 1859இல் ஜெர்மானியர் ரீமான் முன்வைத்த கருதுகோள். ஆகவே ராமானுஜன் அந்தப் பிற்பகுதியில் ரீமான் கருதுகோளை உண்மையென்று வைத்துக்கொண்டு, போதிய அளவு பெரிய எண்களின் காரணிக் கூட்டுத்தொகைக்கு ஒரு மேல் எல்லை கண்டார். எண்ணின் இயற்கை மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி மடக்கை எடுத்து, 1.781 என்ற அளவிலான ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை, எண்ணைப் போல அத்தனை மடங்கைத் தாண்டாது.

1984இல் பிரெஞ்சுக் கணிதர் கீ ராபின் இதைக் கூர்மையாக்கினார். ரீமான் கருதுகோள் உண்மையானால், 5040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் இந்த எல்லைக்குள் அடங்கும். மறுதலையும் உண்மை: 5040க்கு மேல் எல்லாம் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை. பிளேட்டோவின் 5040தான் எல்லைக்கல். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. எல்லை ஏறத்தாழ 19,237. மயிரிழையில் மீறுகிறது. 2 முதல் 5040 வரை இப்படி மீறும் எண்கள் மொத்தம் 27. மாலுமியின் 24, 60, 360 மூன்றும் அந்த 27க்குள் உண்டு. 5040க்குப் பிறகு மீறும் எண் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணுக்குக் கணக்குப் போட்டால், கூட்டுத்தொகை எண்ணைப் போல ஏறத்தாழ 5.84 மடங்கு, எல்லை 6.03 மடங்கு. அடங்கிவிடுகிறது.

ராமானுஜனின் பிற்பகுதி 1997இல், அவர் பெயரிலேயே தொடங்கிய ‘ராமானுஜன் ஜர்னல்’ ஏட்டின் முதல் தொகுதியில் வெளிவந்தது. குறிப்புகள் எழுதிப் பதிப்பித்தவர்கள் நிக்கோலாவும் அதே ராபினும். எழுதியதற்கும் அச்சேறியதற்கும் இடையே 80 ஆண்டுகளுக்கு மேல்.

ஹார்டியின் மதிப்பீடு இந்த ஒன்றில் பிழையாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒதுங்கிய கழி என்று தோன்றியது, இன்றைய கணிதத்தின் ஆக ஆழமான கேள்விக்குத் திறந்திருக்கிறது. 2009இல் அக்பரி, பிரிக்ஸ்டாட் என்ற இருவர் இன்னொன்றும் நிறுவினார்கள்: 5040க்கு மேல் எல்லையை மீறும் எண் ஏதாவது இருந்தால், அவற்றில் மிகச் சிறியது, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிக் கூட்டுத்தொகையின் மடங்கில் தோற்கடிக்கும் எண்ணாகவே இருக்கும். தேடுகிறவர் எண்வரிசை முழுவதும் அலைய வேண்டாம், ராமானுஜன் வகுத்த குடும்பத்துக்கு உறவான அந்த எண்களைப் பார்த்தால் போதும்.

சாதாரண தர வகுப்பில் காரணிகளும் சுட்டிகளும் படித்த பிள்ளைக்கு இந்தக் கதையின் முதற்பாதி முழுவதும் விளங்கும். ஆசிரியர்கள் 5000ஐயும் 5040ஐயும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காரணிகளை எண்ணச் சொல்லலாம். விடுபட்ட அந்த எண்ணை 23ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம். பிற்பாதி இன்னும் முடியவில்லை. ரீமான் கருதுகோளை நிறுவுபவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து இலட்சம் டொலர் பரிசை இன்றுவரை யாரும் பெறவில்லை.